பக்கத்துப் புத்தகம்

"மிஸ், பேய்க்கதை இருக்குதுங்களா?"

கேட்டவன் ஏழாம் வகுப்பு. மதியச் சோறு தின்று கழுவிய கை இன்னும் காயவில்லை. ஈரத்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றான். "இல்லாம என்ன கண்ணு, அக்கட்டால மூணாவது தட்டப் பாரு. கறுப்புப் பொட்டு வெச்சது" என்றார் நூலகப் பொறுப்பில் இருந்த ஆசிரியை. பையன் போனான். கறுப்புப் பொட்டு ஒட்டிய புத்தக முதுகுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே நகர்ந்து ஒன்றை உருவினான். அதோடு நிற்கவில்லை. கறுப்பு முடிந்து பச்சைப் பொட்டு தொடங்கும் இடத்திலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டான். பாஸ்கர்வில் குடும்பத்தைத் துரத்தும் வேட்டைநாயின் கதை, தமிழில்.

வெள்ளகோவிலில் ஒரு பள்ளியின் நூலக அறையில் நான் பார்த்தது இவ்வளவுதான். ஆனால் கச்சேரியில் எதிர்பாராமல் ஒரு சங்கதி விழுந்தால் நிமிர்ந்து உட்காருவோமே, அப்படி நிமிர்ந்தேன். ஷெர்லக் ஹோம்ஸின் அந்தக் கதை பேய்நாயில் ஆரம்பித்துப் புலனாய்வில் முடியும். பேய்க்கதைத் தட்டின் கடைசிப் புத்தகமாகவும் துப்பறியும் கதையின் முதல் புத்தகமாகவும் அதை நிறுத்த வேண்டுமென்றால், வைத்தவர் அதைப் படித்திருக்க வேண்டும். படித்ததோடு, இந்தப் பையனின் விரல் எந்தத் திசையில் நகரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

தரம் பிரிப்பது இந்த ஊருக்குப் பழகிய வேலை. கொப்பரையும் சூரியகாந்தி விதையும் ஏலம் போகிற ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இங்கே உண்டு. களத்தில் உட்கார்ந்து கொப்பரை பிரிக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். கையில் எடுத்த மாத்திரத்தில் எது நல்ல பருப்பு, எது பூஞ்சணம் பிடித்தது என்று விரலுக்கே தெரிந்துவிடும். நூல் மில்லில் கவுண்ட் பார்ப்பவருக்கும் அப்படித்தான். அங்கெல்லாம் பிரித்தபின் மூட்டை வேறு, விலை வேறு; ஒன்றோடு ஒன்று சேராது. புத்தகத்தைப் பிரிக்கிறவருக்குப் பிரித்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது?

பள்ளிகளில் பலகாலமாக இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. புத்தகம் வந்த வரிசையில் இருப்புப் பதிவேட்டில் எண் ஏறும், அந்த எண்ணின் வரிசையிலேயே பீரோவில் நிற்கும். தணிக்கைக்கு வருகிறவர் பதிவேட்டையும் பீரோவையும் ஒத்துப்பார்க்க அதைவிட வசதி கிடையாது. நான் படித்த பள்ளியில் அந்தப் பீரோ திறந்து ஐந்து வருடத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். திருக்குறள் தெளிவுரைக்குப் பக்கத்தில் கோழி வளர்ப்பு, அதற்குப் பக்கத்தில் மாயாஜாலக் கதை ஒன்று. அந்தக் கதையின் அட்டையில் இருந்த சிறகு முளைத்த குதிரை இன்றும் கண்ணில் நிற்கிறது. கை நீட்டுவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

உலக அளவில் நூலகங்கள் அதிகம் கைக்கொள்ளும் முறை மெல்வில் டூயி 1876-இல் கொண்டுவந்த தசமப் பகுப்பு. அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவாக்கி, ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாகக் கிளைக்க விடுவது. அதில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. அதன் பின்னால் 1 சேர்ந்தால் கவிதை, 2 சேர்ந்தால் நாடகம், 3 சேர்ந்தால் புனைகதை. ஆக, கல்கியின் 'பொன்னியின் செல்வ'னும், தமிழ்வாணனின் சங்கர்லாலும், கொங்கு மண்ணின் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மா'ளும் 894.8113 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். அதற்கப்புறம் ஆசிரியர் பெயர் வரிசைதான். ஆய்வாளருக்கு இது போதும், அவர் பெயர் தெரிந்துகொண்டு வருகிறவர். ஏழாம் வகுப்புப் பையனுக்கு எந்த ஆசிரியர் பெயரும் தெரியாது. தனக்குப் பயமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

நூலகத்தை வாசகன் பக்கத்திலிருந்து யோசித்தவர் நம் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். பயிற்சிக்காக லண்டன் போனபோது ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதே தகடு, அதே திருகு. பூட்டுகிற விதத்தில் வேறு வேறு பொம்மை. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியதுதான் 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு. ஒரு நூலுக்கு ஒரே பெட்டி என்று இராமல், அதற்குப் பல முகங்கள் உண்டென்று ஒப்புக்கொண்ட முறை அது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1931-இல், நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்திருந்தார். நூல் பயன்படுவதற்கு என்பது முதல் விதி. வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. பூட்டிய பீரோ முதல் விதியிலேயே தோற்றுவிடும். பேய்க்கதை கேட்டவனை 894.8113 முழுக்கத் துழாவ விடுகிற அலமாரி நான்காவதில் தோற்கும்.

எண்ணிட்டு வகை சொல்லும் இந்தக் கலை நமக்கு அயலார் தந்ததல்ல. அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மனின் வேலையை ஒரு நூலகரின் கண்ணோடு பார்த்தால் மலைப்பாக இருக்கும். நானூறு பாட்டு. ஒற்றைப்படை எண் என்றால் பாலை. 2, 8 என முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், பத்துப் பத்தாக வருவது நெய்தல். 46-ஆம் பாட்டு என்று சொன்னாலே, படிக்கும் முன்பே, அது மருதம் என்று தெரிந்துவிடும். இது பாதி அழகுதான். மீதி அழகு, எந்த இரண்டு திணைக்கும் நடுவில் ஒரு பாலைப் பாட்டு நிற்பது. குறிஞ்சியில் கூடியவர்கள் முல்லைக்கு வந்து காத்திருக்க வேண்டுமானால், பிரிவின் சுடுமணலைத் தாண்டித்தான் வர முடியும். தொகுத்தவர் அடுத்தடுத்து என்ன வரும் என்று நினைத்துத்தான் அடுக்கியிருக்கிறார் என்பது என் எண்ணம். தமிழில் எனக்குத் தெரிந்து மிக அழகான புத்தகத் தட்டு அதுதான்.

வெள்ளகோவில் அறைக்கு வருகிறேன். அந்தச் சுவரைக் கறுப்புப் பொட்டிலிருந்து வலப்பக்கமாக நடந்து பார்த்தேன். பேய், பிறகு வேட்டைநாய் வழியாகத் துப்பறியும் கதை. சங்கர்லால் முடிந்து கடைசியில் தேவனின் 'துப்பறியும் சாம்பு'. இந்தச் சாம்புவை எங்கே வைப்பது என்பது நூலகருக்கு நல்ல பரீட்சை. பெயரில் துப்பறிகிறது; உள்ளே போனால் சிரிப்புதான். அசட்டு மனிதர் ஒருவர் தற்செயலாகத் திருடனைப் பிடித்துவிடுகிற கதைகள். அவரைத் துப்பறியும் தட்டின் நடுவில் வைத்தால் சங்கர்லாலை எதிர்பார்த்து எடுத்த பிள்ளை ஏமாறும். நகைச்சுவைத் தட்டின் நடுவில் வைத்தாலோ துப்பறியும் கதைக்காரர்களுக்குச் சிரிப்புப் பக்கம் வர வழியில்லை. ஓரத்தில் வைத்ததால் சாம்பு இரண்டு வீட்டுக்கும் பொதுத் திண்ணையாகிவிட்டார். சிரிப்பின் மறுகோடியில் தெனாலிராமன். அவன் அரசவையில் இருப்பவன், ஆகவே அடுத்தது ராஜாக்களின் கதை. அங்கே 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முழுசாக இருந்தன. இரண்டாம் பாகம் காணாமற்போன செட்டுகளையே பார்த்துப் பழகிய எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. சரித்திரக் கதை முடிகிற இடத்தில் கீழடி, கொடுமணல் பற்றிய சிறு நூல்கள். நொய்யல் கரையில் மணிக்கற்களும் எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்த கொடுமணல் இந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. பேய்க்கதையில் கை வைத்த பையன் ஒரு வருடம் கழித்துக் கொடுமணலில் போய் நிற்க வாய்ப்பிருக்கிறது. யாரும் அவனை அங்கே போகச் சொல்லத் தேவையில்லை.

வகை பிரித்தால் பிள்ளைகள் தங்கள் தட்டுக்குள்ளேயே அடைந்துவிடுவார்கள் என்று சிலர் கவலைப்படுவதுண்டு. கவலை நியாயமானது. இந்தப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொரங்காடுகளைச் சுற்றிக் கிளுவை வேலி நெருக்கமாக நிற்கும், ஆடு மாடு தாண்டாது. ஆனால் கடவு இல்லாத வேலி கிடையாது. ஓரப் புத்தகம்தான் கடவு. அதைச் சரியாகப் போடத் தெரியாதவர் வகை பிரிக்காமல் இருப்பதே நல்லது.

இன்னொரு நஷ்டம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வகைப்படி அடுக்கினால் எழுத்தாளர் சிதறிப்போவார். ஈரோட்டுப் பக்கத்தில் பிறந்த பெரியசாமித் தூரனை எடுத்துக்கொள்ளுங்கள். கீர்த்தனைகள் இசைத் தட்டுக்குப் போகும். பிள்ளைகளுக்கு எழுதிய கதைகள் வேறு தட்டு, உளவியல் நூல்கள் இன்னொன்று, பாரதி எழுத்துகளைத் தேடித் தொகுத்த 'பாரதி தமிழ்' மற்றொன்று. அவர் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை கொண்டுவந்த கலைக்களஞ்சியமும், பிறகு பத்துத் தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும் மேசை மேலேயே இருக்க வேண்டியவை. தூரன் என்ற முழு மனிதரை இந்த அறையில் எந்தப் பிள்ளையும் ஒரே இடத்தில் சந்திக்க முடியாது. கலைக்களஞ்சியத்தை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம் திருப்பூர்க்காரர். அவர் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான், ரங்கநாதன் வருடக்கணக்காக வலியுறுத்திவந்த பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. இவ்வளவு செய்த மண்ணில் பள்ளிப் பீரோவுக்குப் பூட்டு ஏன் என்று எனக்கு வருத்தம் உண்டு.

இப்போது அரசு வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய புத்தகங்கள் வருகின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. பெயர் வைத்தவரைக் கும்பிடத் தோன்றுகிறது. பிள்ளையைக் குறைத்துச் சொல்லாத பெயர்கள். ஆனால் படி என்பது ஒரு புத்தகம் எவ்வளவு கடினம் என்று சொல்லும். அது எதைப் பற்றியது, படித்தால் என்ன ஆகும் என்பதை வகைதான் சொல்லும். அந்த ஆசிரியை இரண்டையும் கோத்திருந்தார். வகைக்கு வட்டப் பொட்டு, படிக்கு அதன் கீழே கோடு: ஒன்றிலிருந்து நான்கு வரை. ஊரில் தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லையாம். பாவும் ஊடையும் என்றாராம், புரிந்துவிட்டதாம்.

கைவேலையையும் சொல்ல வேண்டும். பொட்டுகள் சார்ட் பேப்பரில் வளையல் வைத்து வரைந்து வெட்டியவை. எல்லாப் புத்தகத்திலும் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில், ஒரே கோட்டில். மேலே அகலமான செல்லோ டேப், முதுகைச் சுற்றி இரண்டு பக்கமும் மடிந்து. முதுகில் மட்டும் ஒட்டினால் ஒரே மாதத்தில் உரிந்துவிடுமாம். தட்டுகள் முக்கால்வாசிதான் நிரம்பியிருந்தன. பிள்ளையின் விரல் நுழைய இடம் வேண்டும். இறுக்கி அடுக்கிய தட்டில் புத்தகத்தின் தலையைப் பிடித்து இழுப்பார்கள், தலைதான் முதலில் கிழியும். சாயாமல் நிற்க இரண்டு பக்கமும் செங்கல், அதற்குப் பாடநோட்டு மாதிரி பிரவுன் ஷீட் அட்டை. டோட்டோ-சான் அட்டைப்படம் தெரிய முகம் காட்டி நின்றாள். வாழ்க்கை வரலாற்றுத் தட்டில் இருந்தவரை அவளை யாரும் தொடவில்லையாம். "அது நெசமா நடந்ததுன்னு அங்க வெச்சனுங்க. பள்ளிக்கூடக் கதைன்னு இங்க மாத்துன பொறவு ஒரு நாள் நிக்கறதில்ல" என்றார். ஜிம் கார்பெட்டின் புலிகளை விலங்குகளுக்கும் சாகசத்துக்கும் நடுவில் விட்டிருந்தார். அதற்கு நான் விளக்கம் கேட்கவில்லை.

கிளம்பும் நேரத்தில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். "மிஸ், அழுகாச்சிக் கதை எதுலீங் இருக்குது?"

அதுவரை எல்லாக் கேள்விக்கும் தலை நிமிராமல் தட்டு சொன்னவர் முதன்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார். "அழுகாச்சிக் கதையா அம்மிணி?" சுவரை ஒரு தரம் கோடியிலிருந்து கோடிவரை பார்த்தார். "நாளைக்கு வா, எடுத்து வெக்கறன்."

இரண்டு மாதம் கழித்துத் திருச்சி சாலையில் போகவேண்டி வந்தபோது இறங்கிப் பார்த்தேன். ஜன்னலோரத் தட்டில் நீலப் பொட்டு வைத்து ஏழு புத்தகங்கள். சீட்டில் கையெழுத்தில் 'அழுகாச்சிக் கதைகள்' என்றே எழுதியிருந்தது. சோகம், துயரம் என்றெல்லாம் மாற்றவில்லை. முதலில் கு. அழகிரிசாமியின் கதைத் தொகுப்பு. 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் ஒரு காகிதத் துண்டு இருந்தது, 'அன்பளிப்பு' கதையில் இன்னொன்று. இரண்டாவது துண்டு இருந்த பக்கத்தின் ஓரம் பல கை பட்டு மங்கியிருந்தது. தனக்கும் ஓர் அன்பளிப்பு கிடைக்கும் என்று காத்திருந்த சிறுவன் சாரங்கன் தானே டைரியைக் கொண்டுவந்து நீட்டுகிற பக்கம்.

தட்டின் இடக்கோடியில் பள்ளிக்கூடக் கதைகள் வந்து சேர்ந்திருந்தன, டோட்டோ-சானோடு. வலக்கோடியில் செங்கல் மட்டும் நின்றது. இந்தப் பக்கம் என்ன வரும் என்று கேட்டேன்.

"அழுது முடிச்ச புள்ளைக்கு என்னத்தைக் குடுக்கறதுன்னு தெரியலீங்க. யோசிச்சிட்டே இருக்கறன்" என்றார்.