பின்பாட்டுக்காரர்களின் இரவு

காமன் கூத்து முடிந்து பொழுது புலர்ந்தபின், கொத்மலைப் பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள தோட்டமொன்றின் லயத்து வாசலில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவர்கள், இரதியாக வந்த இளைஞனின் நடையைப் பற்றியும், மன்மதனுடைய வில்லில் சுற்றியிருந்த சரிகைத் தாளைப் பற்றியும், நெற்றிக்கண்ணைத் திறந்த சிவனார் தீப்பந்தத்தைக் கையாண்ட சாமர்த்தியத்தைப் பற்றியும் ஓயாது பேசிக்கொண்டிருந்தார்களேயன்றி, இரவு முழுவதும் அந்த ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் நின்று, பனியில் நனைந்த துவாய்களைத் தலையில் சுற்றிக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் வாங்கித் திருப்பிப் பாடிய எட்டுப் பேரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அபிப்பிராயத்தில் அந்த இரவு அவர்களுடையது. கரப்பந்தாட்டத்தில் வலையோரம் எகிறி அடிப்பவனுக்குக் கைதட்டும் நாம், அவனுக்குப் பந்தை உயர்த்திக் கொடுத்தவனை மறந்துவிடுவது வழக்கந்தான். ஆனால் ஆட்டத்தை அலசிப் பார்க்க முன்வந்தவனுக்கு அந்த மறதி தகாது.

காமன் கூத்தின் கதை எல்லாருக்கும் தெரிந்ததே. சூரபன்மனின் கொடுமையைச் சகியாத தேவர்கள், யோகத்தில் அமர்ந்த சிவபெருமானின் மோனத்தைக் கலைக்கும்படி மன்மதனை ஏவ, அவன் மலர்க்கணை தொடுத்து, நெற்றிக்கண்ணின் நெருப்பில் சாம்பலாக, இரதி புலம்பி அழுது, இறுதியில் அவள் கண்களுக்கு மாத்திரம் தெரியும்படியாக அவன் உயிர் பெறுகிறான். கச்சியப்பர் இதைக் கந்தபுராணத்தில் காமதகனப் படலமாகப் பாடினார். காளிதாசன் குமாரசம்பவத்தின் நான்காம் சர்க்கம் முழுவதையும் இரதியின் பிரலாபத்துக்கே கொடுத்தான். ஆண்டாள் தன் திருமொழியின் முதற்பதிகத்தில் தை, மாசி மாதங்களில் காமனையே தொழுது வரம் கேட்டாள். இத்தனை பெரிய பரம்பரையை உடைய கதை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஜனங்களோடு கடல் கடந்து வந்து, மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் நட்டு, பௌர்ணமியை ஒட்டிய இரவில் தகனமாகி முடிகிற விரதமாக மலைநாட்டில் வேரூன்றியது. இதை விரதம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. காப்புக் கட்டிக்கொண்டு வேஷம் பூணுகிறவர்கள் அதைப் பொழுதுபோக்காகக் கருதுவதில்லை. சமயமும் நாடகமும் சங்கீதமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியாமல் நிற்கும் இக்கூத்தை, ஐரோப்பியர் தேவாலயத்தில் பாடும் புனித இசையும் அரங்கில் ஆடும் இசை நாடகமும் ஒரே பொட்டலில் கூடியதாகக் கொண்டால் அதில் பிழையில்லை.

இனி, பின்பாட்டின் வேலை என்ன என்று பார்ப்போம். மாஸ்டர் என்று தோட்டத்தார் மரியாதையோடு அழைக்கும் கூத்து வாத்தியார், எண்ணெய்க்கறை படிந்த கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பெரும்பாலும் பார்க்காமலே, முதலடியை எடுத்துக் கொடுக்கிறார். ஆடுகிறவன் அதைத் தன் குரலில் வாங்கிப் பாடுகிறான். அவன் கடைசிச் சீரை முடிப்பதற்கு ஒரு கணம் முன்பாகவே பின்பாட்டு அதை ஏந்திக்கொள்கிறது. அந்த ஒரு கணத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. காலில் சலங்கையும் தலையில் கிரீடமும் சுமந்து, மேடுபள்ளமான நிலத்தில் சுழன்று ஆடிக்கொண்டு பாடுகிறவனுக்கு, மூச்சு வாங்குவதற்கு அந்த இடைவெளியைத் தவிர வேறு அவகாசம் கிடையாது. பின்பாட்டு ஒரு கணம் தாமதித்தால் பாட்டில் பள்ளம் விழும். ஒரு கணம் முந்தினால் அவனுடைய சொல் அமுங்கிப்போகும். அன்று நான் கவனித்த வரையில், முதல் மூன்று மணித்தியாலத்தில் அந்த எட்டுப் பேரும் இவ்விஷயத்தில் ஒருமுறையேனும் தவறவில்லை.

சுருதிப்பெட்டி இல்லாத இடத்தில் சுருதி எங்கிருந்து வருகிறது என்று சங்கீதம் பயின்றவர்கள் கேட்கக்கூடும். அது தப்பிலிருந்து வருகிறது என்பதே என் துணிபு. மரச்சட்டத்தின் ஒரு பக்கத்தில் தோல் இழுத்துக் கட்டிய இவ்வாத்தியத்தை, தடித்த குச்சி ஒன்றினாலும் மெல்லிய குச்சி ஒன்றினாலும் அடிக்கிறார்கள். அடிப்பதற்குமுன் வைக்கோல் தீயில் காய்ச்சி முறுக்கேற்றுகிறார்கள். முறுகிய தப்பின் நாதத்துக்கு இசையவே பின்பாட்டுக்காரர்கள் தங்கள் குரலை அமைத்துக்கொள்கிறார்கள். மாசி மாதத்துக் கொத்மலைக் குளிரோ சாமானியமானதன்று. நீர்த்தேக்கத்தின்மேல் படியும் மூடுபனி நள்ளிரவுக்குப்பின் மெல்ல மெல்ல மலைமேல் ஏறிவரும். அன்றும் ஏறியது. இந்திர சபை நடந்துகொண்டிருக்கையில் தோல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துபோக, தப்புக்காரர்கள் தீயை நாடி ஒதுங்க, ஒரே ஒரு தப்பு மாத்திரம் ஆட்டத்தில் எஞ்சி நின்றது. அப்போதுதான் இரவின் ஒரே பெரிய பிழை நேர்ந்தது. ஆதாரத்தை இழந்த பின்பாட்டு, பயந்தவன் நடையை எட்டிப்போடுவதுபோல வேகத்தைக் கூட்டிற்று. ஆட்டக்காரனின் அடவு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறிற்று. கால்மணி நேரம் பாட்டு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக இழுபட்டன. காய்ந்து முறுகிய தப்புகள் திரும்பி வந்து முதல் அடி விழுந்த மாத்திரத்தில் எட்டுக் குரலும் தம் பழைய இடத்தில் வந்து அமர்ந்ததைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விடியற்காலையில் ஜனங்களைப் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு எழுப்புவதற்காகத் துரைமார் காலத்தில் அடிக்கப்பட்டதும் இதே தப்புத்தான். காமன் பொட்டலில் அது யாருடைய ஏவலுக்கும் உட்படாமல் தன் சொந்தக் குரலில் பேசுகிறது.

தகனத்துக்குப் பிறகு வரும் இரதி புலம்பலே கூத்தின் சிகரம். அங்கே தப்பு ஓய்ந்துவிடுகிறது. இரதியாக வந்த இளைஞன் முழந்தாளிட்டு முதலடியைப் பாட, பின்பாட்டுக்காரர்கள் அதன் சொற்களைத் திருப்பிப் பாடாமல், கடைசி அசையின் ஓசையை மாத்திரம் தாழ்ந்த ஸ்தாயியில் நீள இழுத்தார்கள். இரண்டாவது அடியிலோ மூன்றாவது அடியிலோ, மேட்டில் சாக்கு விரித்துக் குழந்தைகளை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்த பெண்களிடமிருந்து அதே ஓசை மேல் ஸ்தாயியில் எழுந்தது. அவர்களை யாரும் பாடச் சொல்லவில்லை. கூத்தில் அவர்களுக்குப் பாத்திரமும் இல்லை. முறைப்படி பாடம் கேட்டவர் இதில் முகாரியின் சாயலைக் காண்பார். எனக்கோ அது லயத்துத் திண்ணைகளில் சாவு வீடுதோறும் கேட்ட ஒப்பாரி மெட்டாகவே ஒலித்தது. இழவு வீட்டில் ஒருத்தியின் அழுகையை மற்றவர்கள் தோள் சேர்ந்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் உடையவர்களுக்கு, ஆண் ஒருவன் பெண் வேஷத்தில் அழுதாலும், அந்த அழுகையைத் தனியே விட்டுவிட மனம் வராது.

நம்முடைய பின்பாட்டில் எல்லாரும் ஒரே ஸ்வரத்தைத்தானே பாடுகிறார்கள், மேல்நாட்டுச் சேர்ந்திசையைப்போல நான்கு குரல்களின் பின்னல் இல்லையே என்று குறைகூறுகிற நண்பர்கள் உண்டு. ஹாண்டெல் 1741ஆம் ஆண்டில் இருபத்துநான்கே நாளில் இயற்றி, மறுவருஷம் டப்ளின் நகரில் அரங்கேற்றிய மெசாயா என்னும் புனித இசைக்கோவையில், அல்லேலூயா என்று ஆர்ப்பரிக்கும் பகுதியைக் கேட்டவர்களுக்கு அந்தப் பின்னலின் மகத்துவம் தெரியும். ஒரு குரல் விட்ட இடத்தில் மற்றொரு குரல் தொட, நான்கும் கோபுரத்தின் நிலைகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன. அதை நான் மனமார வணங்குகிறேன். ஆனால் அதே மேல்நாட்டில், அரங்கைவிட்டு வெளியேறி வீதி ஜனங்களின் நாவில் குடியேறிய மற்றொரு சேர்ந்திசையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். வெர்டி என்னும் இத்தாலியர், இரண்டு குழந்தைகளையும் மனைவியையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த துக்கத்துக்குப்பின் இயற்றிய நபுக்கோ என்ற இசை நாடகம், 1842 மார்ச் 9ஆந் தேதி மிலான் நகரில் அரங்கேறியது. அதன் மூன்றாம் அங்கத்தில், பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட எபிரேயர்கள் யூப்ரடீஸ் நதிக்கரையில் நின்று, இழந்த தாயகத்தை எண்ணிப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டில் நாயகன் இல்லை, நாயகி இல்லை, பாடுவது கூட்டம். அதிலும் பெரும்பகுதியை எல்லாக் குரலும் ஒரே மெட்டில் ஒன்றாகவே பாடுகின்றன; நடுவில் ஓரிடத்தில் மாத்திரம் குரல்கள் பிரிந்து விரிந்து, மறுபடியும் ஒன்றில் அடங்குகின்றன. பின்னல் வேலையில் கைதேர்ந்த வெர்டி, நாடிழந்தவர்களின் துக்கத்தைச் சொல்ல வந்த இடத்தில் பின்னலை ஒதுக்கி ஒற்றை மெட்டைத் தேர்ந்தெடுத்தார் என்றால், அது வறுமையால் நேர்ந்ததன்று. 1901ஆம் ஆண்டு அவருடைய உடலை நிரந்தரமாக அடக்கம் செய்ய எடுத்துச் சென்றபோது, டோஸ்கனீனி இசைக்குழுவை நடத்த, எண்ணூறுக்கு மேற்பட்ட குரல்கள் இதே பாட்டை மிலான் நகரில் பாடின.

யூப்ரடீஸ் கரையில் நின்று பாடியவர்களின் துயரத்தைக் கொத்மலை ஓயாவின் கரையில் இருப்பவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து ஜனங்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு காலம் திரிசங்கு நிலையில் நிறுத்திவைத்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களோடு என்னென்ன போயின என்று கணக்கெடுத்தவர்கள், பெட்டிகளையும் அண்டாக்களையும் எண்ணியிருப்பார்கள்; கூத்துக் கூட்டங்கள் உடைந்துபோனதை எண்ணியிருக்க மாட்டார்கள். இரதி வேஷம் போடுபவன் போய்விட்டால் இன்னொருவனைப் பழக்கிவிடலாம். இருபது வருஷம் ஒன்றாக நின்று, அடுத்தவன் எப்போது மூச்சு வாங்குவான் என்பதைத் தோளின் அசைவிலிருந்தே அறிந்துகொள்ளும் பின்பாட்டுக் கூட்டத்தில் நான்கு பேர் அக்கரைக்கும் நான்கு பேர் இக்கரைக்குமாகப் பிரிந்துபோனால், அதை மறுபடி உண்டாக்குவதற்கு இன்னோர் இருபது வருஷம் வேண்டும். பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கி வைத்தது எத்தகைய உபகாரம் என்பது இப்படி நினைக்கும்போதுதான் முழுமையாகப் புலப்படுகிறது. ஆயினும் எழுத்தில் அகப்படுவது சொல் மாத்திரமே. சொல்லை ஒருவர் விட மற்றவர் வாங்கும் அந்தக் கணத்தை எழுத்தில் பிடிக்க இயலாது.

இன்று அந்தக் கணத்துக்கு வேறு ஆபத்து வந்திருக்கிறது. நகரத்து விழாவொன்றில் சென்ற வருஷம் காமன் கூத்தை இருபத்தைந்து நிமிஷத்தில் ஆடக் கண்டேன். இரதிக்கும் மன்மதனுக்கும் ஆளுக்கொரு ஒலிவாங்கி. பின்பாட்டுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் வாயசைத்தது தெரிந்தது, பாடியது கேட்கவில்லை. புலம்பலின்போது தப்பின் மௌனத்துக்குப் பதிலாகப் பதிவு செய்த வாத்திய இசை ஒலித்தது. ஆட்டக்காரர்கள் திறமைசாலிகளே, இருந்தும் ஒவ்வோர் அடியின் முடிவிலும் அவர்கள் மூச்சுக்குத் தவித்ததையும், பாட்டு துண்டு துண்டாக விழுந்ததையும் கண்டு மிக வருந்தினேன். கூத்தைச் சுருக்கியதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை முதலிய கூத்துக்களை 1962ஆம் ஆண்டு தொடங்கி அரங்கேற்றியபோது, விடியவிடிய ஆடியதை ஓரிரு மணித்தியாலத்துக்குள் சுருக்கவே செய்தார். ஆனால் மட்டக்களப்புக் கூத்தின் உயிராகிய பக்கப்பாட்டையும் மத்தளத்தையும் அவர் வெட்டவில்லை. எதைக் குறைக்கலாம், எதைக் குறைத்தால் உயிர் போய்விடும் என்ற விவேகம் அவருக்கு இருந்தது. நாம் சுருக்கும்போதோ, கண்ணுக்குப் பகட்டாகத் தெரிவதை வைத்துக்கொண்டு காதுக்கு வேண்டியதை எறிந்துவிடுகிறோம்.

கொத்மலைத் தோட்டத்தில் நான் கண்ட எட்டுப் பேரில் இளையவருக்கே ஐம்பது வயதுக்குக் குறையாது. நகரத்துக் கடைகளுக்கும் கொழும்புக்கும் வேலைக்குப் போன வாலிபர்கள் மாசிக்கு விடுமுறை எடுத்து வருகிறார்கள். வந்தவர்கள் வேஷம் கட்ட விரும்புகிறார்கள். பின்னால் நிற்க விரும்புவோர் இல்லை. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் ஒப்பவில்லை. பின்னால் நிற்பவனை நாம் ஒருநாளும் பாராட்டியதில்லை. புகைப்படத்தில் அவன் முகம் விழுவதில்லை. மறுநாள் காலைப் பேச்சில் அவன் பெயர் வருவதில்லை. அன்று விடிந்தபின், தீயணைந்த கம்பத்தின் அருகில் நின்றிருந்த பின்பாட்டுப் பெரியவர் ஒருவரிடம் சென்று, நள்ளிரவில் பாட்டு ஓடியதையும் பின்பு நிலைக்கு வந்ததையும் கவனித்ததாகச் சொன்னேன். தொண்டை கட்டிப்போன அவர் வெகுநேரம் என் கையை விடவில்லை.

அடுத்த மாசிக்கு இன்னும் காலம் இருக்கிறது. கோயில் கமிட்டியாருக்கும் தோட்டத்து இளைஞர் மன்றங்களுக்கும் என் விண்ணப்பம் இது: ஒலிவாங்கி ஒன்றுதான் இருக்குமானால் அதைப் பின்பாட்டுக்காரர்களின் நடுவில் வையுங்கள், மாஸ்டருடைய கொப்பியை அவர் இருக்கும்போதே பிரதி செய்து, அவர் வாயாலேயே பாடச்சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள், மூன்றாம் பிறைக்கு முன்பாகவே இரண்டு பிள்ளைகளையாவது கூட்டி வந்து அந்தப் பெரியவர்களின் தோளோடு தோளாக நிறுத்துங்கள்.