ஆச்சியின் பிலாவை அறுத்த நாள்

என் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான நாள் எது என்று கேட்டால் கல்யாண நாளைத்தான் சொல்ல வேண்டும். அது எனக்கும் தெரியும். வீட்டில் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: 2018 தை மாதம், தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு மரமில்லில், ஆச்சி வீட்டுப் பிலாத்தடி வாளுக்கு ஏறிய அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

பலா என்று எழுதுவதுதான் முறை. ஆனால் எங்கள் ஊரில் மரம் பிலாவு, பழம் சக்கை. வேறு பெயரில் கூப்பிட்டால் அந்த மரத்துக்கே தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததில் சாய்ந்த மரம் அது. கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் எத்தனையோ இருக்கும் மாவட்டத்தில், புறவாசல் மரம் ஒன்று விழுந்ததைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ரப்பர், வாழை, தேக்கு என்று வழிநெடுக எல்லாம் விழுந்து கிடந்தன. மரம் வாங்க வந்தவர்கள் விறகுக் கணக்கில் விலை சொன்னார்கள். நானும் சரி என்று சொல்லியிருப்பேன். அதற்குள் எங்கள் குடும்பத்துக்குக் கதவும் கட்டிலும் செய்துகொடுத்த மூத்தாசாரி வந்து சேர்ந்தார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். கோடாலியின் பின்பக்கத்தால் நாலு இடத்தில் தட்டிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஆச்சியே எழுந்து வந்து பார்த்த மாதிரி இருந்தது.

“இதப் போயி வெறகுக்குக் குடுக்கப் போறியா மக்கா? வெறகுக்கு ஊருல வேற மரமா இல்ல? ரெண்டு முனையிலயும் சாணியக் கட்டியாப் பூசு. தை பொறக்கட்டும், அறுப்போம்.”

சாணி எதற்கு? வெட்டிய முனை வழியாக மரம் மிக வேகமாக ஈரத்தை விடும். உடம்பு ஈரமாக இருக்க, முனை மட்டும் காய்ந்து சுருங்கினால் நட்சத்திரம் போல் வெடித்துக்கொண்டே உள்ளே போகும். மெழுகு பூசலாம், பழைய பெயின்ட் அடிக்கலாம். எங்களிடம் பசு இருந்தது, சாணி பூசினோம்.

மில்லில் முதல் வேலை அளவு எடுப்பது. சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குகிறார்கள். எங்கள் தடியின் சுற்றளவு 60 அங்குலம், நீளம் 8 அடி. 60-ஐ நாலால் வகுத்தால் 15, பதினைந்து பதினைந்து 225, எட்டால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 12.5 கன அடி. எட்வர்டு ஹோப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-இல் அச்சிட்ட வாய்ப்பாட்டுக் கணக்கு இது. உண்மையான கன அளவில் கிட்டத்தட்ட 78 சதவீதம்தான் இதில் வரும். பட்டை, அதை அடுத்திருக்கும் வெளுப்பு, வாள் தின்னும் தூள் எல்லாம் கழிவுதானே என்று முன்கூட்டியே விட்டுக்கொடுத்த கணக்கு. மூத்தாசாரிக்கு ஹோப்பஸையும் தெரியாது, கால்குலேட்டரையும் தெரியாது. டேப்பைச் சுருட்டும்போதே “பன்னெண்டர” என்று சொல்லிவிட்டார்.

அடுத்து எப்படி அறுப்பது என்ற பேச்சு. எனக்கு வேண்டியது செதுக்குவதற்கான பலகை. சிற்பத்துக்குப் பலகை வேண்டும் என்றால் உளியைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். முழு முட்டாள்தனம். பூவா, யாளியா, வெறும் பிளவா என்பதில் பாதி, தடி டிராலியில் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறது என்பதிலேயே முடிவாகிவிடுகிறது!

மில்காரர் நேராக ஒன்றன்மேல் ஒன்றாகச் சீவிவிடலாம் என்றார். அகலமான பலகை கிடைக்கும், சேதாரம் குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். மூத்தாசாரி ஒத்துக்கொள்ளவில்லை. மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நேராகச் சீவிய பலகை ஆறே மாதத்தில் வாழை மட்டை போலக் குழிந்துவிடும். அதில் மெனக்கெட்டுச் செதுக்கிய முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். ஆகவே தடியை முதலில் நடுவில் பிளந்து, பாதியைத் திருப்பி மறுபடி பிளந்து, கால்கால் துண்டிலிருந்து வளையங்கள் பலகையின் முகத்துக்குக் குத்தாக நிற்கும்படி அறுக்க வேண்டும். அகலம் 8 அங்குலத்துக்குமேல் கிடைக்காது. கிடைப்பது அசையாது.

இன்னொன்றும் சொன்னார். அதுதான் என்னை அசத்தியது. நேராகச் சீவினால் பலகையில் மலைமலையாக, அலையலையாகக் கோலம் விழும். சாப்பாட்டு மேசை வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்து மயங்குவார்கள். செதுக்குகிறவனுக்கு அது சத்துரு. தேவியின் கன்னத்தில் குறுக்கே கறுத்த வரி ஓடினால் தழும்பு என்றல்லவா தோன்றும்! செதுக்கும் மரம் வாய் பேசக்கூடாது, பேச வேண்டியது செதுக்கு.

நூலைக் கரியில் முக்கி, முனையில் இழுத்துப் பிடித்துச் சுண்டினார். கறுத்த கோடு விழுந்தது. பேண்ட்சா வாள் ஓட ஆரம்பித்தது.

இந்த இடத்தில் எனக்கு நிதானம் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாள் உள்ளே போகும்போது முதலில் வெளுப்புத்தான். பால் வெள்ளையாக ஒரு தூள். ஒரு சாண் கூடப் போகவில்லை, சத்தம் மாறியது. கீச்சுக்குரல் இறங்கி ஒரு முழக்கமாயிற்று. தூளின் நிறமும் மாறியது. மஞ்சள்! தடி இரண்டாகப் பிளந்து, மேல் பாதி மெல்லச் சரிந்து படுத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஆச்சி எண்ணெய் தடவிய கையால் பிளந்து எங்களுக்கு ஆளுக்கு நாலாக வைக்கும் வருக்கைச் சுளை இருக்கிறதே, அதே நிறம். பழத்தின் நிறத்தை அந்த மரம் அறுபது எழுபது வருஷம் தன் நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறது! பச்சைப் பலாவின் வைரம் அப்படித்தான் இருக்கும் என்று ஆயிரம் பேர் சொல்லியிருந்தாலும் கண்ணால் பார்க்கிற வரை நம்பியிருக்க மாட்டேன். வாசனை பழத்தினுடையது அல்ல, லேசான புளிப்போடு ஈர மண் மணம். நான் குனிந்து முகர்ந்துகொண்டே இருந்ததைப் பார்த்து மில்லில் வேலை செய்த பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

தொல்காப்பியத்தின் மரபியலில் ஒரு பகுப்பு உண்டு. வெளிப்பக்கம் உறுதியாக இருப்பது புல், உள்ளே உறுதியாக இருப்பது மரம். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல்லினம். படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. திறந்து கிடந்த அந்தப் பாதித்தடியின் முன்னால் நின்றபோதுதான் அதற்குப் பொருள் விளங்கியது. வெளியே வெளுப்பு, அதை வண்டு தின்னும். உள்ளே வைரம், கறையான் சீக்கிரம் அண்டாது. எங்கள் ஊர் நெல் பத்தாயங்களுக்குப் பிலாவும் அயனி மரமும் போட்டவர்கள் இலக்கணம் படித்துவிட்டா போட்டார்கள்?

மூன்றாவது பலகையில் ‘டங்’ என்று ஒரு சத்தம். வாள் பல் உடைந்து தெறித்தது. மில்காரர் எனக்குக் கேட்கும்படியே திட்டினார், நியாயம்தான். வீட்டோரத்து மரத்தில் இரும்பு இருக்கும் என்று தட்டிப் பார்த்திருக்க வேண்டும். அது நாங்கள் சின்ன வயதில் ஊஞ்சல் கட்டிய கொக்கி. மரம் அதை நாலு விரற்கடை உள்ளே விழுங்கிவிட்டிருந்தது. கொக்கியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மரம் மை கொட்டியதுபோலக் கறுத்திருந்தது. வாளுக்கு ஆன காசைக் கொடுத்தேன். கொக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

பாலும் படுத்தியது. பலாப்பால் வாளில் ஒட்டிச் சூடேறினால் வாள் நேராகப் போகாது, அலையும். அவ்வப்போது மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார்கள். மில் வருவதற்கு முன்னால் குழி தோண்டி, தடியைக் குறுக்கே கிடத்தி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று ஈர்வாளால் அறுத்த காலத்தை மூத்தாசாரி சொன்னார். கீழே நிற்பவருக்கு நாள் முழுவதும் கண்ணிலும் மூக்கிலும் தூள். அவருடைய அப்பா கீழே நின்றவராம். “மேல நிக்கவனுக்குக் கூலி கூடுதல், கேட்டியா? கோடு பாக்கது அவந்தானே.”

12.5 கன அடித் தடியில் இரண்டங்குலக் கனத்தில் 8 பலகை, மொத்தம் 7 கன அடிச் சொச்சம். மீதி தூளும் சீவலும்.

அறுத்த கையோடு செதுக்க முடியாது. இதைச் சொன்னால் பலருக்கு ஆர்வம் வடிந்துவிடும், எனக்கு இன்னும் ஏறியது. அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் அடிக்கிற காற்றில் வைத்தால் பலகை அவசரமாகக் காய்ந்து வெடிக்கும், குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஈரத்தில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய மாட்டுத் தொழுவத்தில், தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி அடுக்கினோம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஓரங்குலக் குச்சிகள், மேலுள்ள குச்சிக்கு நேர் கீழே அடுத்த குச்சி. அது ஒரு விரல் விலகினாலும் அந்த இடத்தில் பலகை தொய்ந்துவிடும். உச்சியில் நாலு அம்மிக்கல் பாரம். வெளுப்பு இருந்த ஓரங்களில் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த நீரைத் தடவினோம். மாவு போலத் தூள் கொட்டவைக்கும் வண்டு வராமலிருக்க.

மாதம் ஒருமுறை ஒரே பலகையை எடுத்து, தேங்காய் நிறுக்கும் தராசில் எடை பார்த்தேன். முதல் நாள் 25 கிலோ. ஆனியில் 21. ஐப்பசி மழையில் ஒரு கிலோ கூடிவிட்டது, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து 16-இல் வந்து நின்றது. மூன்று மாதம் அசையவில்லை. மூத்தாசாரி விரல் முட்டியால் தட்டினார். கணீர் என்றது. தஞ்சாவூரில் வீணையையும் இதே மரத்தில்தான் கடைகிறார்கள், மிருதங்கக் கட்டையும் இதுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

உளி போட்ட முதல் நாளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பலாவின் நார் ஓர் அடுக்கில் இடப்பக்கம் சாயும், அடுத்த அடுக்கில் வலப்பக்கம். இந்தப் பக்கம் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போன உளி, இரண்டு விரற்கடை தாண்டியதும் பிய்த்துக்கொண்டு எழும். முதல் தாமரையின் மூன்று இதழ்கள் அப்படிப் போயின. உளியை முடி சிரைக்கிற கூருக்குத் தீட்டி, கொட்டாப்புளியால் குறுக்குவாட்டில் மெல்லத் தட்ட வேண்டும் என்பது நாலாவது இதழில்தான் பிடிபட்டது.

இந்த வேலையில் இறங்கியபிறகு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். பள்ளிச் சுற்றுலாவில் தொடங்கி எத்தனை தடவை போயிருப்பேன்! ஒரு தடவையும் நான் அதைப் பார்க்கவில்லை என்று இப்போது தெரிகிறது. முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் விதவிதமாக 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். முன்பெல்லாம் எண்ணிப் பார்த்து விட்டுவிடுவேன். இப்போது ஒவ்வொரு பூவிலும் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே உளியைத் திருப்பினார்கள் என்று தேடுகிறேன். கழுத்து வலி. அங்கே தாய்க்கொட்டாரம் என்ற பகுதியில் ஒற்றைப் பலாத்தடியில் கடைந்து செதுக்கிய தூண் நிற்கிறது. அதன் முன்னால் நின்றபோது சிற்பியை அல்ல, அதற்குத் தடி தேர்ந்தவரை நினைத்துக்கொண்டேன். அந்த உயரத்துக்கு வெடிப்பில்லாமல், முடிச்சில்லாமல் ஒரு பிலாவு! எந்த ஊர்ப் புறவாசலில் நின்றதோ. அந்தத் தூண் இப்போது கருப்பட்டி நிறம். வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் பொன்னாகி, பொன் பழுப்பாகிவிடும். என்னுடைய பலகைகள் இப்போது தேன் நிறத்தில் இருக்கின்றன.

ஆனால் என் வேட்டி மஞ்சளாகவே இருக்கிறது. மில்லுக்கு வெள்ளை வேட்டியில் போனவன் நான் ஒருவன்தான். ஈரத்தூள் வியர்வையோடு சேர்ந்து பிடித்துக்கொண்டது, எந்தச் சோப்புக்கும் போகவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் பௌத்தத் துறவிகளின் உடைக்கு இந்தப் பலாச் சீவலைக் கொதிக்கவைத்துத்தான் சாயம் ஏற்றினார்கள் என்று மனைவியிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் அந்தத் துறவிகளோடேயே போய்விடலாமே என்றாள்.

நேற்றைக்கு மூத்தாசாரி போன் செய்தார். மலையோரத் தோட்டம் ஒன்றிலிருந்து சந்தன வேம்புத் தடி ஒன்று மில்லுக்கு வந்திருக்கிறதாம். ஆஸ்திரேலியாவில் இதே இனத்தை ‘ரெட் சிடார்’ என்ற பெயரில் அழைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘செம்பொன்’ என்று கொண்டாடிக் காடு காடாக வெட்டித் தீர்த்தார்கள். பலாவை விட இலேசு, உளிக்கு இளகும், அறுக்கும்போது மில் முழுக்க மணக்கும், வெட்டுமுகம் செம்பருத்தியை அரைத்த நிறம் என்று போனிலேயே ஆசை காட்டினார். “வெள்ள வேட்டி உடுத்துட்டு வந்துராத மக்கா.”

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அறுப்பு. அரண்மனைக்கு அன்றைக்கு விடுமுறை. மில்லுக்கு இல்லை.