செட்டிநாட்டு வீட்டுக்கு வைஃபை டைமரா?

காரைக்குடிப் பக்கம் பல பெரிய வீடுகள் வருஷத்துல பாதி நாள் பூட்டியே கிடக்கும். முகப்பு விளக்கையும் கிணத்து மோட்டாரையும் வெளியூர்ல இருந்தே போட ஒரு வைஃபை டைமர் சுவிட்ச், நல்ல யோசனைதான். ஆனா அது ஃபிளாட்டை மனசுல வெச்சு செஞ்ச சாமான். இங்கே வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் ரூட்டர் வெச்சா, அத்தனை கனமான சுவர்களைத் தாண்டி பின்கட்டுக்கு சிக்னல் போய்ச் சேராது. பழைய சுவிட்ச் பெட்டிகள்ல நியூட்ரல் வயரும் பெரும்பாலும் இருக்காது.

மோட்டார்தான் பெரிய வில்லங்கம். 1 எச்.பி. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். ரிலே முனை ஒட்டிக்கிட்டா போன்ல 'ஆஃப்' காட்டும், ஆளில்லாத வீட்டுல மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். நடுவுல கான்டாக்டர் அவசியம். நான் கடைசியில் மெயின் போர்டிலேயே பேட்டரி வெச்ச சாதா டைமர் மாட்டினேன். நெட் போனாலும் அதுக்கு மணி தெரியும்.