வலி இருக்கட்டும், நீ நட

ஸ்கேன் நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல். பிள்ளைக்கு வயிற்றுவலி மட்டும் நின்றபாடில்லை. இந்தக் கட்டத்தில் வீடு இரண்டாகப் பிரியும். ‘பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறாள்’ என்பது ஒரு கட்சி. அடுத்த ஸ்பெஷலிஸ்டைத் தேடி ஓடுவது இன்னொரு கட்சி. இரண்டும் சரியில்லை என்பதற்கான தடயம் 1958-லேயே கிடைத்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மருத்துவர்கள் ஜான் ஏப்லியும் நைஷும் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தபோது, பத்தில் ஒருவருக்கேனும் திரும்பத் திரும்ப வயிறு வலித்தது. அவர்களில் பெரும்பாலோரிடம் உடல்நோய் எதுவும் அகப்படவில்லை.

அகப்படாத வலியும் வலிதான். காயமோ தொற்றோ ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் சாதாரண அசைவையே வலியாகப் பெரிதுபடுத்திக்கொண்டிருக்கலாம். பயமும் தூக்கக்கேடும் படுத்தே கிடப்பதும் அதற்குத் தீனி போடும். மூன்று மாதம் தாண்டிய இத்தகைய வலியைத் தனி நோயாகவே உலக சுகாதார அமைப்பின் 2019 நோய்ப் பட்டியல் ஏற்றுக்கொண்டது.

இதற்கு ஜெர்மனியின் டாட்டெல்னிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் உள்ள வலி சிகிச்சை மையங்கள் கையாளும் வழி, முதலில் கேட்பவருக்குக் கொடூரமாகப் படும். வலி குறையட்டும், பிறகு நடக்கலாம் என்று அங்கே காத்திருப்பதில்லை. காலில் சாக்ஸ் பட்டாலே துடிக்கும் பிள்ளையின் காலைத் துண்டால் தேய்த்துப் பழக்குகிறார்கள், நடக்க வைக்கிறார்கள். கூடவே உளவியல் சிகிச்சையும் நடக்கும். பெற்றோருக்கு ஒரு கண்டிப்பான பாடம் உண்டு: ‘வலிக்குதா?’ என்று கேட்காதீர்கள்.

அந்தப் பாடத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ஆய்வாளர் லின் வாக்கர் குழுவினர் 2006-இல் வெளியிட்ட சோதனையில், பிள்ளைகளை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். சொல்லித்தந்தபடி, பெற்றோரில் ஒரு சாரார் வலியைப் பற்றியே பரிவாக விசாரித்தார்கள், இன்னொரு சாரார் பேச்சை மாற்றினார்கள். எதுவும் சொல்லித்தரப்படாத பெற்றோரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், விசாரிக்கப்பட்ட பிள்ளைகளின் முறையீடு ஏறக்குறைய இரண்டு மடங்கு, பேச்சு மாற்றப்பட்டவர்களுடையது பாதி. பேச்சை மாற்றிய அம்மா அப்பாதான் இதமாக இருந்தார்கள் என்று பிள்ளைகளே சொன்னார்கள். ஏற்கெனவே வலியுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கோ, பேச்சை மாற்றுவதுதான் பிள்ளைக்குக் கெடுதல் என்று தோன்றியிருக்கிறது.

பலனும் தெரிகிறது. டாட்டெல்ன் குழு 104 பிள்ளைகளிடம் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரச் சிகிச்சை முடிந்ததும் முடக்கமும் பள்ளிக்கு வராத நாட்களும் குறைந்தன. வலியின் கடுமை பிந்தித்தான் இறங்கியது. ஆனால் ஒப்பீட்டுக் குழு காத்திருந்தது மூன்று வாரம் மட்டுமே. பிறகு அவர்களுக்கும் அதே சிகிச்சை. ஆகவே, ஓராண்டு கழித்தும் நன்றாக இருக்கிறார்கள் என்னும்போது, யாரைவிட என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. உடற்பயிற்சி சார்ந்த சிகிச்சைகளைப் பரிந்துரைத்த உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டியே, சான்றின் உறுதி ‘மிகக் குறைவு’ என்று ஒப்புக்கொள்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் வேறு. பிள்ளையின் வலியை நம்பாத வரலாறு மருத்துவத்துக்கு உண்டு. பச்சிளங்குழந்தைக்கு வலி உறைக்காது என்று எண்ணி, போதிய வலிமருந்து இல்லாமலே அறுவை செய்துவந்தார்கள். அந்த எண்ணத்தை அசைத்தது, இந்தியாவில் பிறந்த கே.ஜே.எஸ். ஆனந்த் ஆக்ஸ்ஃபோர்டில் செய்து 1987-இல் வெளிவந்த ஆய்வு. அத்தகைய துறை ‘வலியைக் கேட்காதே’ என்று சொல்லும்போது கூடுதல் கவனம் வேண்டாமா? நல்ல மையங்களில் முதல் வேலையே, உன் வலி நிஜம் என்று பிள்ளையிடம் சொல்லி, அது ஏன் வருகிறது என்று விளக்குவது. நெரிசலான ஓ.பி.யில் அந்த முதல் பாதி கழன்றுவிடும். ‘ஒண்ணுமில்லம்மா, ஸ்கூலுக்கு அனுப்புங்க’ என்ற இரண்டாம் பாதி மட்டும் மிஞ்சும். பிள்ளை காதில் அது ‘நீ பொய் சொல்கிறாய்’ என்றுதான் விழும். அம்மாவோ, தான் பரிவு காட்டியதே குற்றம் என்று சுருங்கிப்போவார்.

பள்ளிக்குத் திரும்புவதையே வெற்றியின் அளவுகோலாக வைப்பதிலும் ஓட்டை இருக்கிறது. அந்தப் பள்ளியில் கேலி செய்கிறார்களா, கழிப்பறைக்குப் போக முடிகிறதா, மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்டுகிறார்களா என்று வருகை நாட்களின் எண்ணிக்கை சொல்லாது. சிகிச்சை பிள்ளைக்கும் பெற்றோருக்கும்தான், பள்ளிக்கு இல்லை.

தடுப்பு என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். புத்தகப்பை உடல் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2020-இல் ஒன்றிய அரசு கொள்கை வகுத்தது. நல்லதுதான், பிள்ளைகள் சுமை தூக்க வேண்டியதில்லை. ஆனால் பை எடைதான் முதுகுவலிக்குக் காரணம் என்பதற்கு, 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு நம்பும்படியான சான்று கிடைக்கவில்லை. அறுவைக்குப் பிந்தைய வலியை அப்போதே சரியாக அடக்குவதும், தூக்கத்தைச் சீராக்குவதும், சுளுக்குக்கு வாரக்கணக்கில் படுக்க வைக்காமலிருப்பதும் பை எடையைக் குறைப்பதைவிடப் பயன் தரக்கூடும். முன்கூட்டியே கண்டறியவும் வழி உண்டு: ஒரே வலிக்காக மாதந்தோறும் விடுப்புக் கடிதம் கொண்டுவரும் பிள்ளையை, வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைப் புரட்டியே கண்டுபிடித்துவிடலாம்.