கப்பலோட்டிய தமிழன்: படமும் வட்டுகளும்

கப்பலோட்டிய தமிழன், பி. ஆர். பந்துலு இயக்கி 1961-இல் வெளியான தமிழ்த் திரைப்படம். ம. பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தழுவியது. தூத்துக்குடியில் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரனாராகச் சிவாஜி கணேசன் நடித்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தும் வசூலில் தோற்றது.

படத்தின் வலிமை அதன் பிற்பகுதி. சிறையில் செக்கிழுத்து, 1912-இல் விடுதலையாகி, கப்பலையும் வருவாயையும் இழந்து வறுமையில் வாழ்ந்த தலைவரைப் படம் மறைக்காமல் காட்டுகிறது. ஜி. ராமநாதன் இசையமைத்த பாரதியார் பாடல்களும் இக்கதையோட்டத்தில் வரும்போதே முழுப் பொருள் தருகின்றன. பாடல்களை மட்டும் தொகுக்கும் வட்டுகளில் அத்தொடர்பு அறுந்துவிடுகிறது.

ஒரு விசிடி ஏறத்தாழ 75 நிமிடப் படத்தையே கொள்ளும். அதனால் இத்தகைய நீண்ட படங்கள் துண்டுகளாகவே வீடுகளுக்கு வந்தன. முதல் வட்டோடு எழுந்துவிடுபவர் கப்பலைப் பார்ப்பார், செக்கைப் பார்க்கமாட்டார்.

பந்துலுவின் கர்ணன் (1964) எண்ணிம முறையில் மீட்டெடுக்கப்பட்டு 2012-இல் மீண்டும் திரையரங்குகளில் ஓடியது. அதே கவனத்துடன், வெட்டின்றி, வசன வரிகளோடு இப்படமும் வீட்டுத் திரைக்கு வருவதே, வ. உ. சி. பெயர் தாங்கிய துறைமுகத்தைப் பார்த்து வளரும் தலைமுறைக்குப் பயன்படும்.