கரிசலில் கொல்லை போடுகிறவர்கள்

கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பக்கம் வீட்டுக் கொல்லையைப் பச்சையாக வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குத் தனி மரியாதை. அங்கே இருப்பது கரிசல். பாதியளவுக்குக் களி; அதுவும் நீரைக் குடித்து உப்பி, காய்ந்தால் சுருங்குகிற களி. மழை பெய்தால் காலைச் செருப்போடு பிடித்துக்கொள்ளும். பங்குனி வெயிலில் கை நுழையுமளவு வெடித்து, சல்லிவேர்களையும் அறுத்துவிடும்.

இந்த மண்ணில் வித்தை என்பது நாள் பார்ப்பதுதான். ஈரத்தில் கொத்தினால் பாளம் பாளமாகப் பெயர்ந்து, காய்ந்ததும் கல்லாகிவிடும். முழுக்கக் காயவிட்டால் மண்வெட்டி எகிறும். இடையில் கிடைப்பவை சில நாட்களே. ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பார்கள். தரையில் அப்பிக்கொண்டால் பொறுக்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம்.

நான் மிகவும் ரசிப்பது குழி எடுப்பதை. கொய்யாவுக்கோ மாதுளைக்கோ தோண்டிய குழியின் சுவரைக் குனிந்து பாருங்கள். மண்வெட்டி வழித்த இடம் மெழுகிய திண்ணைபோல் மின்னும். அப்படியே கன்றை வைத்தால் வேர் அதில் முட்டி உள்ளுக்குள்ளேயே சுற்றும்; மழைநீர் தேங்கினால் அழுகும். தேர்ந்த கை, கடப்பாரை முனையால் சுவரைச் சுற்றிலும் கீறிச் சொரசொரப்பாக்கிய பிறகே கன்றை இறக்கும். எடுத்த மண்ணிலேயே தொழுவுரம் கலந்து, தரையைவிடச் சற்று மேடாக அணைக்கும். அந்தக் கீறல்களைப் பார்க்கும்போதே காய்த்து நிற்கும் கொய்யா எனக்குத் தெரிந்துவிடும்.

களியை இளக்க மணல் கலக்கும் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. கொஞ்சம் மணல் போட்டால் இறுக்கம்தான் கூடும். பலன் தெரிய வண்டி வண்டியாகக் கொட்ட வேண்டும். ஆட்டுப்புழுக்கையும் இலைமக்கும் வருஷா வருஷம் போடட்டும். மேலே சோளத்தட்டையை மூடாக்காகப் பரப்பினால் வெடிப்பும் அடங்கும்.

இவ்வளவு பாடுபட்டவருக்குக் கரிசல் வஞ்சனை செய்யாது. இட்ட உரத்தை எளிதில் கரையவிடாது. ஐப்பசி, கார்த்திகை மழையை அடக்கி வைத்து, மழை நின்ற பின்னும் மல்லியையும் மிளகாயையும் காப்பாற்றும். நனைந்து காய்ந்து நனைந்து, மேல்மண் தானே குருணையாக உதிர்ந்துகொள்ளும். இப்படித் தன்னைத்தானே கொத்திக்கொள்ளும் மண் வேறெங்கே கிடைக்கும்!

எலுமிச்சை வைத்தவர்கள் மட்டும் துளிரில் ஒரு கண் வைத்திருப்பார்கள். கரிசலில் சுண்ணாம்பு மிகுதி; மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. நரம்பு பச்சையாகவும் இடையெல்லாம் மஞ்சளாகவும் இலை வந்தால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துச் சாயங்காலமாகத் தெளிப்பார்கள். தெளித்த இலைகள் பச்சை பிடிக்கும்; அடுத்த துளிரும் மஞ்சளாக வந்தால் மறுபடி தெளிக்க வேண்டும்.