பி.பி. கிங்கின் இடைவெளிகள்

ப்ளூஸ் கித்தார் கலைஞர் பி.பி. கிங் வாசிக்கும் ஒளிப்பதிவு எது கிடைத்தாலும், முதலில் அவருடைய இடக்கையை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். சுரத்தைப் பிடித்ததும் கட்டைவிரல் கித்தாரின் கழுத்தை விட்டு விலகிவிடும். தந்தியில் ஊன்றியிருப்பது பெரும்பாலும் ஆள்காட்டி விரலின் நுனி ஒன்றுதான். மற்ற விரல்கள் விரிந்து நிற்க, மணிக்கட்டிலிருந்து கை முழுவதும் படபடக்கும். கித்தார்காரர்கள் இதற்குப் பட்டாம்பூச்சி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சுரம் முதலில் நேராகப் பிறக்கிறது. ஒரு கணம் ஆடாமல் நிற்கிறது. பிறகுதான் நடுக்கம் ஏறுகிறது. பாட்டின் அடியை முடிக்கும் இடத்தில் தேர்ந்த பாடகர் குரலை எப்படி விடுவாரோ, அப்படி விடுகிறார்.

இந்த நடுக்கம் கைவராத ஒரு வித்தையிலிருந்து வந்தது. அவருடைய தாய்வழி உறவினர் புக்கா வைட், விரலில் உலோகக் குழாயை மாட்டித் தந்தியின் மேல் வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு முறையில் பெயர் பெற்றவர். அந்த ஒலி கிங்குக்கு உயிர். ஆனால் குழாய் அவர் விரலுக்குப் படியவே இல்லை. வழுக்க முடியாததை விரலை நடுக்கியே கொண்டுவரப் பார்த்தார். புக்கா வைட்டின் ஒலி வரவில்லை, வேறொன்று வந்தது. அதையே கடைசிவரை வைத்துக்கொண்டார்.

ரைலி பி. கிங் என்ற இயற்பெயருடைய அவர் 1925 செப்டம்பர் 16 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் இட்டாபீனா ஊருக்கு அருகே, வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். கித்தாரில் முதல் மூன்று கார்ட்களை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை, காட்டிக் கொடுத்தவர், தேவாலயத்தில் கித்தார் வாசித்தபடியே பிரசங்கம் செய்த ஆர்ச்சி ஃபேர் என்ற போதகர். பாட்டி முறையான மைமாவின் வீட்டில் ஒரு கிராமபோன் இருந்தது. பிளைண்டு லெமன் ஜெஃபர்சனும் லானி ஜான்சனும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். இருவரில் ஜான்சனின் சுவடு கிங்கிடம் இன்னும் தெளிவாகத் தெரியும். தந்திகளை மொத்தமாக அடிக்காமல், ஒற்றைத் தந்தியில் இசையை ஒரு வரியாக இழுத்துச் செல்கிற பழக்கம் ஜான்சனுடையது.

பின்னால் மற்றவர்கள் சேர்ந்தார்கள். மின்கித்தாரில் ப்ளூஸ் எப்படிப் பளபளக்கும் என்று காட்டியவர் டி-போன் வாக்கர். அவருடைய 'ஸ்டார்மி மண்டே' கேட்டபிறகுதான் மின்கித்தார் வேண்டுமென்ற ஆசை கிங்கைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரான்ஸ் போய்வந்த நண்பர் ஒருவர் மூலம் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டுகள் கைக்கு எட்டின. சார்லி கிறிஸ்டியனிடம் ஜாஸ் நடையையும், சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங்கிடம் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி வந்து சேரும் சாவகாசத்தையும் எடுத்துக்கொண்டார். மிசிசிப்பி வயல்காட்டு ப்ளூஸில் வளர்ந்த ஒருவரின் வாசிப்பில் பாரிஸின் ஜிப்சி கித்தாரும் கான்சாஸ் சிட்டி சாக்ஸபோனும் கலந்திருப்பது இப்படித்தான்.

இவ்வளவு கேட்டவர் புழங்கியதோ மிகச் சிறிய இடத்தில். கித்தார் மாணவர்கள் அதை 'பி.பி. பெட்டி' என்கிறார்கள். இரண்டாம் தந்தியில் ஆள்காட்டி விரல் ஆதார சுரத்தைப் பிடிக்கிறது. அங்கிருந்து இரண்டு ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) தள்ளி மோதிர விரல். அந்தத் தந்தியை அரைச்சுரம் நெட்டித் தள்ளினால் சோகமான சிறு மூன்றாம் சுரம், இன்னும் தள்ளினால் மலர்ச்சியான பெரிய மூன்றாம் சுரம். இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதில்தான் கிங்கின் நகாசு வேலை இருக்கிறது. ஒரே பாட்டில் முதல் தடவை சிறியதன் பக்கம் சாய்வார், அடுத்த தடவை பெரியதைத் தொடுவதுபோல் போய் ஒரு மயிரிழை முன்பே நின்றுவிடுவார். பியானோவில் அந்தச் சுரத்துக்குக் கட்டை கிடையாது.

கார்ட் வாசிப்பதில் தான் மோசம் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1988இல் வெளிவந்த யூ2 குழுவின் 'ராட்டில் அண்ட் ஹம்' படத்திலும், கார்ட் தனக்கு வராது என்று இளையவர்களிடம் கூச்சமில்லாமல் சொல்கிறார். பாடிக்கொண்டே வாசிப்பதும் அவர் வழக்கமில்லை. பாடும்போது கித்தார் சும்மா இருக்கும், கித்தார் பேசும்போது அவர் வாய் மூடியிருக்கும். பன்னிரண்டு தாளக்கட்டு ப்ளூஸில் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் காலியிடம் உண்டு. அந்த இடத்தில் லூசில் என்ற அவருடைய கித்தார் பதில் சொல்லும். அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1949இல் ஆர்க்கன்சாவின் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் அவர் வாசித்த கூடத்தில் இரண்டு பேர் சண்டையிட்டு, எரிந்துகொண்டிருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாயைக் கவிழ்த்தார்கள். வெளியே ஓடியவர் கித்தாரை எடுக்கத் தீக்குள் திரும்பப் போனார். சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று மறுநாள் தெரிந்தது. இனி இப்படியொரு மடத்தனம் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்ட அந்தப் பெயரைக் கித்தாருக்கு வைத்தார். அடுத்தடுத்து வந்த கித்தார்களும் லூசில்கள்தான்.

குரலும் கித்தாரும் மாறி மாறிப் பேசும் இந்த முறையின் முழு அழகும் 1969இல் பதிவான 'த த்ரில் இஸ் கான்' பாட்டில் கேட்கும். ராய் ஹாக்கின்ஸ் 1951இலேயே பாடி வெளியிட்ட பாட்டு அது. கிங் தொடங்குவதே கித்தாரில்தான். சில சுரங்கள், ஒரு நிறுத்தம், மறுபடி சில சுரங்கள். ஜெரி ஜெமாட்டின் பேஸ் அடியில் நடந்துகொண்டே இருக்கிறது. குரல் வந்தபின் கித்தார் ஒதுங்குகிறது. தயாரிப்பாளர் பில் ஷிம்சிக் பிற்பாடு வயலின் கூட்டத்தைச் சேர்க்க யோசனை சொல்ல, பெர்ட் டிகோடோ அதற்கு இசை எழுதினார். ப்ளூஸ் பாட்டில் வயலின்கள் அப்போது அபூர்வம். பாட்டின் பின்பகுதியில் அவை மெல்லப் பெருகி, கித்தார் விட்ட வெற்றிடத்தில் ஏறி நிற்கின்றன. கிங் அவற்றோடு போட்டி போடுவதில்லை. இன்னும் குறைவாக வாசிக்கிறார்.

எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன், மைக் புளூம்ஃபீல்டு, படி கை என்று இவரிடம் பாடம் கேட்ட கித்தார்காரர்களின் பட்டியல் நீளம். 1967இல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில், ஒரு சுரம் வாசிப்பதற்கு முன்பே வெள்ளை இளைஞர் கூட்டம் எழுந்து நின்று வரவேற்க, கிங் கண்கலங்கினார். அந்தத் தலைமுறை இவருடைய நடுக்கத்தைக் கற்றது, நெட்டலைக் கற்றது. இடைவெளியைக் கற்றவர்கள் குறைவு. அது விரலில் மட்டும் இருக்கிற விஷயமில்லை. ஒருவர் தைரியமாக நிறுத்த வேண்டுமானால், அடியில் குழு ஒரு இம்மியும் பிசகாமல் ஓட வேண்டும்.

அந்தக் குழுவை அவர் சாலையில் கட்டினார். மெம்ஃபிஸின் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலியில் மருந்து விளம்பரம் பாடி, இசைத்தட்டு சுழற்றி, 'பீல் ஸ்ட்ரீட் ப்ளூஸ் பாய்' என்று பெயரெடுத்தவர் அவர். அதுவே சுருங்கி பி.பி. ஆனது. 1952இல் 'த்ரீ ஓ கிளாக் ப்ளூஸ்' ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்ததும் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். சொந்தமாக 'பிக் ரெட்' என்றொரு பேருந்து வாங்கினார். 1956ஆம் ஆண்டில் மட்டும் 342 நிகழ்ச்சிகள். கருப்பர்களுக்கு நல்ல விடுதியில் அறை கிடைக்காத நாட்கள் அவை. பேருந்தே பல இரவுகளில் வீடு. குழுவின் சம்பளமும் எரிபொருளும் பழுதும் அவர் பொறுப்பு. ஊதுகருவிகளை அவர் ஒருபோதும் கைவிடவில்லை. லூயிஸ் ஜோர்டனையும் கவுண்ட் பேசியையும் நேசித்தவருக்கு டிரம்பெட்டும் சாக்ஸபோனும் இல்லாத மேடை அரைமேடை. அவர் வாசிக்காத கார்ட்களையெல்லாம் அந்தக் குழுவினர்தானே வாசித்தார்கள்!

அந்தக் குழுவின் பிசகாத ஓட்டத்தைக் காதால் சரிபார்க்க ஒரு பதிவு போதும்: 1964 நவம்பர் 21 அன்று சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான 'லைவ் அட் த ரீகல்'. டிரம்ஸில் சானி ஃப்ரீமன், டெனர் சாக்ஸபோனில் ஜானி போர்டும் பாபி ஃபோர்ட்டேயும், டிரம்பெட்டில் கென்னி சாண்ட்ஸ், பியானோவில் டியூக் ஜெத்ரோ, பேஸில் லியோ லாச்சி. 'ஹவ் ப்ளூ கேன் யூ கெட்' பாட்டில் ஓரிடம் வருகிறது. காதலிக்குத் தான் வாங்கிக் கொடுத்தவற்றையும், அதற்கு அவள் காட்டிய அலட்சியத்தையும் கிங் ஒவ்வொன்றாக அடுக்குகிறார். குழு மொத்தமும் ஒரே அடி அடித்து நிற்கிறது. வெறும் குரலில் ஒரு புகார். மறுபடி ஒரு அடி, மறுபடி நிறுத்தம், மறுபடி புகார். பட்டியலின் கடைசியில் பிள்ளைகள் ஏழு பேரின் கணக்கு வந்ததும் அரங்கம் வெடிக்கிறது. பெண்களின் அலறலில் குரலே மறைந்துபோகிறது. அந்த ஆரவாரத்துக்கு நடுவிலும் குழு தாளத்தைத் தவறவிடவில்லை. அடுத்த அடி எங்கே விழவேண்டுமோ அங்கேயே விழுகிறது.

2015 மே 14 அன்று மறைந்தபோது அவருக்கு வயது 89. முந்தைய ஆண்டு அக்டோபர் வரை மேடையேறிக்கொண்டிருந்தார். குறைவாக வாசித்தவர் என்று அவரைப் புகழ்வது எளிது. அந்தக் குறைவை வாங்க அவர் கொடுத்த விலை ஆண்டுக்கு முந்நூற்றுச் சொச்சம் இரவுகள். ரீகலில் குழு நிற்கும் அந்த அரை நொடியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அந்த உழைப்பின் கணக்கு புரியும்.